மூன்று ஏன், நான்கு ஏன் இல்லை?

1911ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் ஒரு வினா வெளியானது. 1 உடன் ஒரு வர்க்கமூலத்தின் 2 மடங்கைக் கூட்டி, வரும் தொகைக்கு வர்க்கமூலம் காண வேண்டும். உள்ளே இருக்கும் அந்த வர்க்கமூலத்துக்குள் 1 உடன் இன்னொரு வர்க்கமூலத்தின் 3 மடங்கு, அதற்குள் 4 மடங்கு, அதற்கும் உள்ளே 5 மடங்கு என்று அடுக்கு முடிவில்லாமல் உள்நோக்கிப் போகிறது. எழுதினால் இப்படி இருக்கும்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு என்ன என்பதே வினா. அனுப்பியவர் எஸ். ராமானுஜன். அப்போது அவருக்கு வேலை எதுவும் இல்லை. நெல்லூர் ஆட்சியராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் கொடுத்த 25 ரூபாயில் சென்னையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் ஆகியும் சஞ்சிகையின் வாசகர் எவரிடமிருந்தும் விடை வரவில்லை. கடைசியில் வினாவைக் கேட்டவரே விடையையும் எழுதினார். விடை 3.

இன்று அந்த அடுக்கைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினால் போதும். விடையும் அதை வருவிக்கும் வரிகளும் சில நொடிகளில் வந்துவிடும். நான் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன். சனிக்கிழமை மாலைகளில் ஊரிலுள்ள பள்ளி மாணவர்கள் சிலருடன் அமர்ந்து, பாடத்திட்டத்தில் இல்லாத கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. எளிதில் கிடைக்கும் விடைகள் சிந்தனையை என்ன செய்கின்றன என்பது குறித்து எனக்கு இருக்கும் கருத்து பெரும்பாலும் அந்த மாலைகளில் உருவானதுதான். ராமானுஜனின் இந்த ஒரு கணக்கை வைத்தே அதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இணையம் தரும் விளக்கத்தைப் பார்ப்போம். 3 என்பது 9இன் வர்க்கமூலம். அந்த 9ஐ 1 + 8 என்றும், 8ஐ 2 × 4 என்றும் எழுதலாம். 4 என்பது 16இன் வர்க்கமூலம்; 16 = 1 + 15, அதாவது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25இன் வர்க்கமூலம்; 25 = 1 + 4 × 6. இப்படி ஒவ்வொன்றாக உள்ளே இட்டுக்கொண்டே போனால் ராமானுஜனின் அடுக்கு அப்படியே விரிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்; அழகும் இருக்கிறது. இதைத் தேடிப் படித்த மாணவர்கள் வியந்து, தலையசைத்து, அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

தேடாமல் முட்டி மோதுகிறவர்களிடம் நடப்பது வேறு. அவர்களில் பலர் அடுக்கை ஓரிடத்தில் வெட்டிவிட்டுக் கால்குலேட்டரை எடுப்பார்கள். இரண்டாவது வர்க்கமூலத்தை 1 என்று வைத்துக்கொண்டால் 1.73 வருகிறது. இன்னும் ஒரு படி உள்ளே போய் வெட்டினால் 2.24, அடுத்து 2.56, அதற்கடுத்து 2.76. எண் ஏறுகிறது, ஆனால் ஏறும் வேகம் குறைகிறது; எங்கோ நிற்கப்போகிறது என்று தோன்றுகிறது. 3 என்று ஊகிக்கச் சிலரால் முடிகிறது, வழி மட்டும் பிடிபடுவதில்லை. இந்த நிலையில் அரை மணி நேரம் கழித்தவர்களிடம் மேற்சொன்ன விளக்கத்தைக் காட்டியபோது அவர்களுள் ஒரு மாணவி, “ஐயா, 3க்குப் பதிலாக 4 என்று வைத்துத் தொடங்கினால் என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

கேள்வி சிறியதாகத் தோன்றும். செய்து பார்த்தால் அப்படி இல்லை. 4 என்பது 16இன் வர்க்கமூலம்; 16 = 1 + 2 × 7.5. அந்த 7.5 என்பது 56.25இன் வர்க்கமூலம், 56.25 = 1 + 55.25, அந்த 55.25ஐ 3 மடங்காக எழுதினால் உள்ளே 18.4167 என்று ஓர் எண் வருகிறது. அதையும் அப்படியே விரிக்கலாம். எங்கும் தடை கிடையாது. எண்கள் அழகாக இல்லை என்பதைத் தவிர, 3ஐ நிறுவிய அதே வழி 4ஐயும் நிறுவிவிடுகிறது! அப்படியானால் அந்த வழி எதையுமே நிறுவவில்லை என்றுதான் பொருள். வெட்டி வெட்டிக் கண்ட 1.73, 2.24, 2.56 ஆகிய எண்கள் எந்த எல்லையை நோக்கிப் போகின்றன என்பதை முறையாகக் காட்டினால்தான் விடை 3 என்பது உறுதிப்படும். ராமானுஜன் சஞ்சிகைக்குக் கொடுத்த தீர்விலும் இந்தப் பகுதி முழுமை பெற்றிருக்கவில்லை. இத்தகைய அடுக்குகள் எப்போது ஒரு நிலையான எண்ணை நோக்கி ஒருங்கும் என்பதற்கான நிபந்தனையைப் பின்னாளில் வகுத்தவர், 1950இல் சென்னையில் தொடங்கப்பட்ட ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரான டி. விஜயராகவன்.

இந்த விவரங்கள் இணையத்திலும் இருக்கின்றன. “ஏன் 4 வராது?” என்று கேட்டால் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் ஓரளவு தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் அதைக் கேட்கத் தோன்ற வேண்டும். தேடிப் படித்தவர்களுக்கு அது தோன்றாததற்கு அறிவுக் குறைவு காரணமில்லை. அவர்களுள் சிலர் அந்த மாணவியைவிடக் கணக்கில் வல்லவர்கள். விளக்கம் முழுமையாகத் தெரிந்த ஒரு வடிவத்தில், எந்த ஐயமும் முளைப்பதற்கு முன்பே அவர்கள் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். மாணவியோ 2.76 வரை தானே நடந்து வந்து, அதற்கு மேல் என்ன என்ற குழப்பத்தில் நின்றவள். அவளிடம் விளக்கத்தை உரசிப் பார்க்க ஒரு பொருள் இருந்தது.

விடைகள் எளிதாகக் கிடைப்பதைப் பற்றிய வழக்கமான புலம்பல் நினைவாற்றலைச் சுற்றியே இருக்கிறது: யாருக்கும் தொலைபேசி எண் நினைவில்லை, வாய்ப்பாடு தெரியவில்லை, திருக்குறள் சொல்ல வரவில்லை. இதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. 2011இல் பெட்சி ஸ்பாரோவும் அவருடைய சகாக்களும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பின்னர் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பும் செய்தியை மனிதர்கள் குறைவாகவே நினைவில் வைக்கிறார்கள் என்று சொன்னது. நாளேடுகள் அதைப் பெரிதாக எழுதின. அதில் இருந்த சோதனைகளுள் ஒன்றை வேறு ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை என்று 2018இல் வெளியான செய்தியை அவ்வளவு பேர் எழுதவில்லை. நினைவு குறைகிறதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். விடைக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் என்ன நடக்கிறது, அந்த இடைவெளி இல்லாமல் போனால் எது நடக்காமல் போகிறது என்பதே என் கவலை.

முதலில் நடக்காமல் போவது, வினாவை வேறு கோணத்தில் பார்ப்பது. ஒரு வழி மனதில் பதிந்துவிட்டால் அதைவிட எளிய வழி கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது என்பதை ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட ஆய்வு மிக எளிய கணக்குகளால் காட்டியது. மூன்று ஜாடிகள்: 21, 127, 3 அளவு கொள்பவை. இவற்றைக் கொண்டு 100 அளவு தண்ணீர் அளந்தெடுக்க வேண்டும். பெரிய ஜாடியை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரண்டு முறையும் ஊற்றிவிட்டால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகச் சிலவற்றைக் கொடுத்துவிட்டு, 23, 49, 3 அளவுள்ள ஜாடிகளால் 20ஐ அளக்கச் சொன்னார். 49இலிருந்து 23ஐயும் இரண்டு முறை 3ஐயும் கழித்தால் 20 வருகிறது. பழகியவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் செய்தார்கள். 23இலிருந்து 3ஐ எடுத்தாலே 20 என்பது, முந்தைய கணக்குகளைப் போடாமல் நேராக இதற்கு வந்தவர்களுக்கு உடனே தெரிந்தது.

லூச்சின்ஸின் சோதனையில் அந்த வழியை அவர்களே பழகிக்கொண்டார்கள். வழியைப் பிறர் காட்டினாலும் இதேதான் நடக்கும். 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் பொறியியல் மாணவர்களிடம், சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் மாதிரி வரைபடம் ஒன்று காட்டப்பட்டது. அதில் உறிஞ்சுகுழல் இருந்தது. உங்கள் கோப்பையில் உறிஞ்சுகுழல் கூடாது என்று குறிப்பிலேயே சொல்லியிருந்தும், மாதிரியைப் பார்த்தவர்கள் வரைந்த கோப்பைகளில் அது திரும்பத் திரும்ப வந்தது. கூடாது என்று தெரிந்தே வரைந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கோப்பை என்றவுடன் மனம் போய் நின்ற இடம் முன்பே குறிக்கப்பட்டிருந்தது.

தேடுபொறியில் பத்து இணைப்புகள் வந்த காலத்தில் இந்தச் சிக்கல் சற்றுக் குறைவாக இருந்தது என்றே சொல்வேன். பத்தில் இரண்டு தவறாக இருக்கும், ஒன்று வேறு வழியில் போகும், ஒன்றில் யாரோ இருவர் சண்டையிட்டுக்கொண்டிருப்பார்கள். எது சரி என்று தீர்மானிக்கும் வேலையாவது நமக்கு மிஞ்சியது. இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே தயங்காத குரலில் ஒரே பதில் நிற்கிறது. எல்லோரும் ஒரே பதிலிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, அனில் தோஷியும் ஆலிவர் ஹாசரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. ஏறக்குறைய 300 பேரைச் சிறு கதை எழுதச் சொல்லி, அவர்களுள் சிலருக்குச் செயற்கை நுண்ணறிவு தந்த கருக்களைக் கொடுத்தார்கள். கரு பெற்றவர்களின் கதைகளை வாசகர்கள் கூடுதலாக ரசித்தார்கள்; குறிப்பாக, இயல்பில் கற்பனை வளம் குறைந்தவர்கள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் அந்தக் கதைகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது அவை ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோருக்கும் லாபம், சேர்த்துப் பார்த்தால் நட்டம். இதில் யாரைக் குறை சொல்வது? என் மாணவர்களுக்கும் இதே நிலைதான். ஒவ்வொருவரின் வீட்டுப்பாடமும் முன்பைவிடச் செம்மையாக இருக்கிறது, நாற்பது தாளும் ஒரே தாளாக இருக்கிறது.

செம்மையான வீட்டுப்பாடம் எதைக் காட்டுகிறது என்பதற்குத் துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் நடந்த கணித ஆய்வு தெளிவான விடை தருகிறது. கேட்டதைச் சொல்லிவிடும் உரையாடு கருவியைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு கருவி இல்லாமல் தேர்வு எழுதியபோது, கருவியைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றியமைக்கப்பட்ட கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் நேரவில்லை. என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி: சரிந்தவர்கள் தாம் குறைவாகக் கற்றதாக நினைக்கவில்லை. வகுப்பறையில் நான் பார்க்கும் தலையசைப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ராமானுஜனின் வாழ்க்கையே இந்த வாதத்துக்கு எதிராக எழுந்து நிற்பதையும் சொல்ல வேண்டும். அவரைக் கணிதத்துக்குள் இழுத்தது விடைகள் நிறைந்த ஒரு புத்தகம். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த ஜி. எஸ். கார் என்ற ஆசிரியர் தொகுத்த கணிதச் சுருக்கம் அது. 1903 வாக்கில் கும்பகோணத்தில் கல்லூரி நூலகப் பிரதியாக அவர் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 முடிவுகள் எண்ணிடப்பட்டு வரிசையாக நிற்கும். நம் ஊர் மொழியில் சொன்னால், தேர்வுக்கான நோட்ஸ். படைப்பாற்றலைக் கொல்ல இதைவிட நல்ல கருவி வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கார் முடிவுகளைத் தந்தாரே தவிர, அவற்றுக்கான வழியைப் பெரும்பாலும் தரவில்லை. இருந்தால் ஒரு வரி, அல்லது முந்தைய எண் ஒன்றைப் பார்க்கச் சொல்லும் குறிப்பு. விடை தெரிந்த 16 வயதுப் பையன் வழியைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வெட்டும்போது புத்தகத்தில் இல்லாத இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தான். சஞ்சிகைக்கு அவர் அனுப்பிய வர்க்கமூல அடுக்குகூட அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான். மூன்று எழுத்துகள் கொண்ட பொதுச் சூத்திரம் ஒன்று அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. வினாவாக அவர் அனுப்பியது அதில் 2, 1, 0 என்று இட்டால் கிடைக்கும் ஒரு தனி நிலையே.

ஆகவே விடை கையில் இருப்பதால் மட்டும் சிந்தனை கெடுவதில்லை. வழியும் சேர்ந்து, முயற்சிக்கு முன்பே வந்துவிடுவதுதான் கெடுக்கிறது. இன்றைய கருவிகள் காரின் புத்தகத்துக்கு நேர் எதிரானவை. வழியை அவை ஒருபோதும் விட்டுவைப்பதில்லை.

ராமானுஜனின் தனிமையைப் போற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்த பலவற்றைத் தாமாக மறுபடியும் கண்டுபிடிக்க அவர் ஆண்டுகளைச் செலவிட்டார். பகா எண்களின் பரவலைப் பற்றி அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய சூத்திரங்கள் தவறாக இருந்தன. அந்தத் துறையில் அதற்குள் வெளிவந்திருந்த நூல்கள் கும்பகோணத்தில் கிடைத்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. கல்லூரித் தேர்வில் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்த இளைஞருக்கு, நல்ல நூலகமும் கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இருந்திருந்தால் எவ்வளவோ நன்மை விளைந்திருக்கும். இன்று கடைக்கோடிக் கிராமத்தில் இருக்கும் மாணவிக்கு அந்த இரண்டும் கைப்பேசியில் கிடைக்கின்றன என்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை. கிடைப்பதைப் பறிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல பள்ளிகளில் படித்தவர்களாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

வழி வருவது முயற்சிக்கு முன்பா, பின்பா என்பதே முக்கியம் என்ற எண்ணத்துக்குக் கல்வி ஆய்வாளர் மனு கபூர் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நடத்திய ஆய்வுகள் வலுச் சேர்க்கின்றன. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் திட்ட விலக்கம் என்ற கருத்தைக் கற்பிப்பதற்கு முன், கால்பந்து வீரர்கள் சிலர் ஆண்டுதோறும் அடித்த கோல்களின் பட்டியலைக் கொடுத்து, யாருடைய ஆட்டம் ஏற்ற இறக்கமின்றி நிலையாக இருக்கிறது என்று அளக்க நீங்களே ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். அவர்கள் கண்டுபிடித்தவை அரைகுறையானவை. சரியான சூத்திரத்தை யாரும் எட்டவில்லை. அதன் பிறகு ஆசிரியர் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார். முதலிலேயே சூத்திரத்தைக் கற்றுப் பயிற்சி செய்தவர்களைவிட, தோற்றுவிட்டுக் கற்றவர்கள் கருத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் விடை மறுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சற்றுத் தாமதமாக வந்தது, அவ்வளவே.

சனிக்கிழமைகளில் நான் கைப்பேசியைத் தடை செய்வதில்லை. கணக்கோடு விடையையும் பலகையில் எழுதிவிடுகிறேன். காரிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் இது. விடை தெரிந்துவிட்டதால் அதைத் தேடும் அவசரம் பாதி அடங்கிவிடுகிறது. வழியைத் தேட விரும்புகிறவர் தேடலாம். ஆனால் அதற்கு முன், தாம் எதை முயன்றோம், எந்த இடத்தில் நின்றுபோனோம் என்று தாளில் எழுதிக் காட்ட வேண்டும். இதை எழுத உட்காரும்போதே சிலருக்குக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. தீராதவர்கள் பின்னர் கருவியிடம் கேட்கும் கேள்வி மாறிவிடுகிறது: “இதன் மதிப்பு என்ன?” என்று கேட்டிருக்க வேண்டியவர்கள், “இதை மூன்றாவது படியில் வெட்டினால் ஏன் விடை குறைவாகவே வருகிறது?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் படிக்கும்போது அவர்கள் தலையசைப்பதில்லை. ஓரத்தில் கோடு போடுகிறார்கள், ஓரிரு சமயம் பதிலில் தவறும் கண்டுபிடிக்கிறார்கள்.

பெற்றோர் கேட்பது வேறு. இது நீட் தேர்வுக்கு உதவுமா என்கிறார்கள். அந்தத் தேர்வில் 180 நிமிடத்தில் 180 வினாக்கள். ஜேஇஇ மெயின் தேர்வில் அதே நேரத்துக்கு 75. வினாவுக்கு ஒரு நிமிடமும் ஏறத்தாழ இரண்டரை நிமிடமும் தரும் தேர்வுகள், பார்த்த கணக்கை அடையாளம் கண்டு அதற்குரிய வழியை உடனே எடுக்கத் தெரிந்தவரைத்தான் தேர்ந்தெடுக்கும். பயிற்சி மையங்கள் இணையத்துக்கு முன்பிருந்தே இதைத்தான் விற்கின்றன, செயலிகள் அதையே மலிவாகத் தருகின்றன. எனவே உதவாது என்றே பெற்றோரிடம் சொல்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஆர்வமாக வருகிறவர்களில் பலர் பதினோராம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். அந்த நேரத்துக்கு மையத்தில் வாரத் தேர்வு இருக்கிறது.